ஃபைனைட் எலிமென்ட்: முதலிலிருந்து ஒரு முறை

3 ஜூன் 2024, திங்கள்

கோயம்புத்தூரில் ஜவுளி இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையின் வடிவமைப்புப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இன்று ஒரு எஃகு பிராக்கெட்டின் வலிமையைக் கணினியில் சோதித்தபோது உச்சத் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை, 140 மெகாபாஸ்கல் என்று வந்தது. உருவத்தை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையான மெஷ்ஷைச் சற்று நெருக்கமாக்கி மறுபடி ஓட்டியதும் அதே இடத்தில் 190 காட்டியது. சுமையும் மாறவில்லை, பிடிமானமும் மாறவில்லை. இரண்டில் எதை நம்புவது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்படித் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவதுதான் ஃபைனைட் எலிமென்ட் முறை; கல்லூரியில் ஆறாம் பருவத்தில் இந்தப் பாடத்தை எழுதித் தேறியவன் நான். ஆனாலும் அன்று கற்றது எண் அணிகளை (மேட்ரிக்ஸ்) நிரப்பும் பழக்கத்தை மட்டுமே என்பது இப்போது தெரிகிறது. முதலிலிருந்து ஒரு முறை ஒழுங்காகக் கற்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

5 ஜூன், புதன்

எந்த நூலில் தொடங்குவது என்று பார்ப்பதிலேயே இரண்டு மாலைகள் போயின. ஜே. என். ரெட்டியின் நூல் வகைக்கெழுச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, அதை எடையிட்ட தொகையீடாக மாற்றி, அங்கிருந்து எலிமென்டுக்கு வருகிறது. டேரில் லோகனின் நூலோ ஒரு சுருள்வில்லைக் கையில் கொடுத்து, விசைக்கும் நீட்சிக்கும் உள்ள உறவை எழுதச் சொல்லி, இரண்டு வில்களைக் கோத்து, அப்படியே சட்டகங்கள்வரை அழைத்துப்போகிறது. கணித அடித்தளம் முதல் வழியில்தான் உறுதியாக அமைகிறது. வெப்பம், பாய்மம் என்று வேறு துறைக்குப் போகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. ஆயினும் என்னைப்போல் பட்டறையிலிருந்து வருகிறவர்கள் வில்லில் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். வில்லின் விறைப்பு என்ன என்பதைக் கை முன்பே அறிந்திருக்கிறது.

9 ஜூன், ஞாயிறு

இன்று முழுவதும் காகிதமும் பென்சிலும்தான். ஒரு முனை சுவரில் பதிந்த எஃகுத் தண்டு, இரண்டு துண்டுகளாக: ஒவ்வொன்றும் 300 மில்லிமீட்டர் நீளம், குறுக்குப் பரப்பு முதலாவதற்கு 400, இரண்டாவதற்கு 200 சதுர மில்லிமீட்டர், கடைசி முனையில் 20 கிலோநியூட்டன் இழுவிசை. பரப்பை, பொருள் நீள மறுக்கும் அளவான யங் குணகத்தால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் விறைப்பு கிடைக்கிறது. துண்டுக்கு ஒன்றாக விறைப்பை எழுதிய இரண்டு சிறிய அணிகளையும், துண்டுகள் சந்திக்கும் புள்ளியான நடுக்கணுவில் சேர்த்து, சுவரோடு ஒட்டிய கணுவின் வரிசையை நீக்கித் தீர்த்தபோது நடுக்கணு 0.075 மில்லிமீட்டரும் முனை 0.225 மில்லிமீட்டரும் நகர்ந்தன. ஒவ்வொரு துண்டின் நீட்சியையும் தனித்தனியே பள்ளிக்கூட முறையில் கணக்கிட்டுக் கூட்டினாலும் அதே விடைதான்.

சேர்க்கும் இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். நடுக்கணுவுக்குரிய கட்டத்தில் இரண்டு விறைப்புகளும் ஏன் கூடுகின்றன என்பதை இதுவரை ஒரு விதியாக மட்டுமே வைத்திருந்தேன். அந்தக் கணுவை நகர்த்த வேண்டுமானால் இரண்டு துண்டுகளின் எதிர்ப்பையும் ஒருசேர வெல்ல வேண்டும், அதனால்தான் கூடுகின்றன.

16 ஜூன், ஞாயிறு

தன் எடையால் மட்டும் நீளும் தொங்கு தண்டை ஒரே ஒரு எலிமென்டாக வைத்துத் தீர்த்தேன். எடையைப் பாதிப்பாதியாக இரண்டு கணுக்களுக்கும் பிரித்துக் கொடுத்ததும், கீழ்முனையின் இடப்பெயர்ச்சி துல்லியமான தீர்வோடு அப்படியே ஒத்துப்போனது. ஆனால் தண்டின் நடுவில் பார்த்தபோது, உண்மையில் முனை இடப்பெயர்ச்சியின் முக்கால் பங்கு இருக்க வேண்டிய இடத்தில் இந்தத் தீர்வு அரைப் பங்கையே தருகிறது. தகைவின் நிலை இன்னும் மோசம்: மேல்முனையில் முழு எடையும் தொங்கும்போது இருக்க வேண்டிய தகைவில் சரிபாதிதான் கிடைத்தது, ஏனெனில் நேர்கோட்டில் மாறும் இடப்பெயர்ச்சியை நாம் அனுமானித்துவிட்டால் எலிமென்ட் முழுவதற்கும் ஒரே தகைவுதான் வரும்.

கணுவில் இடப்பெயர்ச்சி துல்லியம், தகைவு பாதி. இந்த ஒரு கணக்கை எல்லா நூல்களும் முதல் அத்தியாயத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

20 ஜூன், வியாழன்

வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன். கணிதவியலாளர் ரிச்சர்டு கூரான்ட் 1943-இல் வெளியிட்ட கட்டுரையில், முறுக்கப்படும் தண்டின் குறுக்கு வெட்டை முக்கோணங்களாகப் பிரித்துத் தீர்க்கும் வழியைக் காட்டினார். போயிங் நிறுவனத்தில் விமான இறக்கைகளின் விறைப்பைக் கணக்கிட முனைந்த டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரின் கட்டுரை 1956-இல் வந்தது. ஃபைனைட் எலிமென்ட் என்ற பெயரைச் சூட்டியவர் கிளஃப், 1960-இல்.

30 ஜூன், ஞாயிறு

இரு வாரங்களாக இரவுகளில் ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருளில் ஒரு சிறு நிரல் எழுதிவந்தேன்; மூன்று கணு முக்கோண எலிமென்டுக்கு உரியது. சந்திருபட்லாவும் பெலகுண்டுவும் எழுதிய நூலில் நிரல்களும் இருப்பதால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், ஆனால் நகலெடுக்கவில்லை. சோதனைக்கு ஒரு கேண்டிலீவர், அதாவது ஒரு முனை மட்டும் பதிந்த விட்டம்: நீளம் 100, உயரம் 10, தடிமன் 10 மில்லிமீட்டர், முனையில் 100 நியூட்டன். கை வாய்பாட்டின்படி முனை 0.2 மில்லிமீட்டர் தாழ வேண்டும். உயரத்தில் ஒரே அடுக்காக முக்கோணங்களை வைத்தபோது அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

பிழை நிரலில்தான் என்று மூன்று மணி நேரம் தேடினேன். நிரல் சரி, முக்கோணம்தான் வளைய மறுக்கிறது. அதற்குள் திரிபு (ஓரலகு நீளத்துக்கு உருமாறும் அளவு) எங்கும் ஒன்றே என்பதால், மேலே இழுபட்டுக் கீழே நெருக்குண்டு வளைவதை அதனால் காட்ட முடியாது. வளைவதற்குப் பதிலாக, உண்மையில் இல்லாத ஒரு சறுக்குத் திரிபையும் சேர்த்துச் சுமந்துகொண்டு விறைத்து நிற்கிறது. அடுக்குகளைக் கூட்டக் கூட்ட விடை மெதுவாக 0.2-ஐ நோக்கி நகர்ந்தது. எம்ஐடி இலவசமாக வெளியிட்டிருக்கும் பேராசிரியர் பாத்தேயின் விரிவுரைக் காணொளிகளை இதற்குப் பிறகு பார்த்தபோதுதான் அவர் எழுதும் ஒவ்வொரு குறியீட்டுக்குப் பின்னாலும் ஒரு பொருள் தெரிந்தது. முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால் குறிப்பெடுத்து மூடி வைத்திருப்பேன்.

7 ஜூலை, ஞாயிறு

ஸ்லெய்ப்னர் மேடையின் கதையைப் படித்தேன். வடகடலின் எரிவாயு வயலுக்காக நார்வேயில் கட்டப்பட்ட கான்கிரீட் அடித்தளம், 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாவாங்கர் அருகே கடலிடுக்கு ஒன்றில் ஆழ்த்திச் சோதிக்கப்பட்டபோது உடைந்து மூழ்கியது. அறைகள் ஒன்றையொன்று தொடும் முக்கோணச் சந்திகளின் சுவரில் எலிமென்ட்கள் தகுந்தபடி அமையாததால், அங்கே சறுக்குத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. விபத்துக்குப் பின் கவனமாகச் செய்த கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். முறை சொல்லக்கூடியதைத்தான் இரண்டு முறையும் சொல்லியிருக்கிறது. என் தொங்கு தண்டின் மேல்முனை நினைவுக்கு வந்து, வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

13 ஜூலை, சனி

பிராக்கெட்டுக்குத் திரும்பினேன். இம்முறை இலவச மென்பொருளான கால்குலிக்ஸில், இடப்பெயர்ச்சி வளைகோட்டிலும் மாறக்கூடிய இருபடி எலிமென்ட்களோடு, ஒன்றைவிட ஒன்று நெருக்கமான நான்கு மெஷ்களில் ஓட்டினேன். இடப்பெயர்ச்சி இரண்டாவதிலேயே நிலைத்துவிட்டது. உள்மூலையின் தகைவு மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனது. வரைபடத்தில் அந்த மூலை துளி வளைவும் இல்லாத செங்கோணம்; மீள்தகைமைக் கோட்பாட்டின்படியே அங்கே தகைவுக்கு எல்லை கிடையாது. 140, 190 இரண்டுமே அந்த மூலையின் விடைகள் அல்ல.

மில்லிங் மெஷினில் இருக்கும் பெரியவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். “தம்பி, மூலையக் கத்தி மாதிரி யாரும் வெட்டறதில்லீங்க, 6 எம்எம் எண்டு மில்லுதான் அதுக்குள்ள ஓடுது” என்றார். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுழல்வெட்டி ஓடினால் மூலையில் 3 மில்லிமீட்டர் ஆர வளைவு தங்கும். முடிந்த உருப்படி ஒன்றை எடுத்து, வளைவின் ஆரத்தைச் சரிபார்க்கும் ரேடியஸ் கேஜின் 3 மில்லிமீட்டர் இலையை மூலையில் வைத்தேன். வெளிச்சம் புகாமல் பொருந்தியது.

மாலையில் அந்த 3 மில்லிமீட்டர் வளைவை மாதிரியில் சேர்த்து மறுபடி நான்கு மெஷ்களிலும் ஓட்டினேன். மூன்றாவதும் நான்காவதும் 2 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போயின. திங்கட்கிழமை அறிக்கையோடு நான்கு எண்களையும் சேர்த்தே கொடுக்கிறேன்.