நங்கூரம் வியர்த்த கதை

தரங்கம்பாடிக்கு வடக்கே எங்கள் ஊரில், மீன் ஏலக்கூடத்தை ஒட்டி ஒரு பழைய ஐஸ் ரூம் இருக்கிறது. ஏழு வருடமாக அதில் ஒரு சின்னக் கடல் அருங்காட்சியகம் நடத்துகிறோம். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று எதிர் டீக்கடையில். இதே மாதிரி தங்கள் ஊரிலும் தொடங்கலாமா என்று சமீபத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்காக, நாங்கள் சொதப்பியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொடக்கம் ஒரு கட்டுமரம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கரையில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டுமரங்கள் ஒவ்வொன்றாக அடுப்புக்குப் போயின. பெரியப்பா வீட்டுக் கொல்லையில் ஒன்று மட்டும் கட்டவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. கேட்டதும் கொடுத்துவிட்டார். தூக்கி வந்து ஐஸ் ரூமில் வைத்த பிறகுதான், சேர்த்து நிறுத்துவது எப்படி என்று தெரியாமல் விழித்தோம். அடியில் இரண்டு பட்டி வைத்து ஆணி அடித்துவிடலாம் என்றேன். "ஆணி அடிச்சா அது கட்டுமரமாடா, கதவுடா" என்றார் பெரியப்பா.

அவர் சொன்னது சரிதான். கடலுக்குப் போகும்போது கட்டி, கரைக்கு வந்ததும் அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயவைப்பார்கள். ஊறிய மரம் கனக்கும், மிதப்பும் குறையும். அதனால் எங்கள் கட்டுமரம் பெரும்பாலும் அவிழ்ந்தேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்து, பள்ளிப் பிள்ளைகளைக் கயிறு பிடிக்கச் சொல்லி, முன்பக்க அணியத்திலிருந்து பின்பக்க அமரம் வரை கட்டிக் காட்டுவார். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் எங்களிடமும் எட்டிப்பார்ப்பது இதற்காகத்தான்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்துக்கு ஊர்ப் பஞ்சாயத்தார் சம்மதம் வேண்டும். பழுதுபார்க்கத் தலைக்கட்டுக்கு ஐம்பது ரூபாய் என்று அவர்களே வசூலித்துக் கொடுத்தார்கள். சங்கமாகப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் தேவை. 1975-ம் வருடச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஏழு பேரைச் சேர்ப்பதைவிட, ஏழு பேரும் ஒரே நாளில் ஆதார் அட்டையோடு வருவதுதான் கஷ்டம். அப்புறம், பொருள் கொடுக்கிறவர்களிடம் அது நன்கொடையா இரவலா என்று எழுதி வாங்குங்கள். ஒரு பித்தளைத் திசைகாட்டியை அண்ணன் கொடுக்க, தம்பி ராத்திரியில் வந்து சண்டை போட்டு எடுத்துப் போனார். வலையில் சிலை கிலை சிக்கியது என்று யாராவது கொண்டு வந்தால் உள்ளேயே வாங்காதீர்கள். தாசில்தாருக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள்.

ஆள் பலம் எப்போது கிடைக்கும் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. முதல் வருடம் பொங்கலை ஒட்டிப் பெரிய வேலைகளை வைத்தேன். மூன்று பேர் வந்தார்கள். இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61 நாள். அந்த நாட்களில் படகுக்குப் பெயிண்ட் அடித்து, வலையைச் சரிசெய்தது போக ஆட்களுக்குச் சாயங்காலம் முழுக்க மிச்சம். கூரை மாற்றியது, ஒயரிங், படிக்கட்டு எல்லாமே தடைக்கால வேலைதான். ஜூன் 15 விடிந்தால் நானும் டீக்கடைக்காரரும்தான்.

இனி நங்கூரம். இழுவலையில் மாட்டி வந்தது. இரும்பு, ஓர் ஆள் உயரம். எப்போது, யார் போட்டது என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. அதனால் பலகையில் 'பழைய நங்கூரம்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறோம். டச்சுக் கப்பலுடையது என்று போடச் சொல்லி வந்த நெருக்கடி கொஞ்சமில்லை. கொண்டு வந்த அன்றே நான் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கறுப்பு எனாமல் இரண்டு கோட்டிங் அடித்தேன். புதுசு மாதிரி மின்னியது. ஐப்பசி மழை தொடங்கியதும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கொப்புளம் உடைந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் முத்து முத்தாக நீர் கோத்து நின்றது. நங்கூரம் வியர்க்கிறது என்று பிள்ளைகள் கூட்டம் கூடிப் பார்த்தார்கள். தை மாதத்துக்குள் கை அகலத்துக்குச் செதில் உதிர்ந்துவிட்டது.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். பல காலம் கடலில் கிடந்த இரும்புக்குள் உப்பு இறங்கியிருக்கும். மேலே பெயிண்ட் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது போல. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும், உள்ளேயே துரு வேலை செய்யும். பெயிண்டைச் சுரண்டி எடுத்தோம். செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்துத் தொட்டி கட்டி, சலவைச் சோடா கரைத்த நல்ல தண்ணீரில் நங்கூரத்தை முங்கவைத்தோம். சோடா தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்காது, உப்பு மட்டும் மெல்ல வெளியே வரும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். உப்பு வருவது நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும்? பிளஸ் டூவில் நாம் எல்லோரும் செய்த சோதனைதான். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் சொட்டினால் உப்பு இருக்கும்வரை தயிர் போல வெள்ளையாகத் திரியும். மாணவர்களே வந்து செய்தார்கள். பதினாலு மாதம் திரிந்தது.

திரியாமல் தெளிவாக நின்ற அன்று சார் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

காயவைத்து, கடுக்காயிலும் மரப்பட்டையிலும் இருக்கும் துவர்ப்புச் சத்தான டானிக் அமிலம் பூசினோம். இரும்பு நீலம் கலந்த கறுப்பாக மாறியது. கடுக்காயில் மை காய்ச்சுவதும் இதே சங்கதிதான் என்றார் சார். பருத்தி வலைக்குப் பட்டைச் சாயம் ஏற்றிய காலத்தைப் பெரியப்பா எடுத்துவிட, அன்று மதியம் முழுக்க அந்தப் பேச்சு. அதற்கு மேல் மெழுகு. இரண்டு ஐப்பசி கழிந்துவிட்டது, வியர்க்கவில்லை.

கடைசியாக வேளாக் கொம்பு. வேளா மீனுக்கு மூக்கு ரம்பம் போல நீண்டிருக்கும். சுறாக் கொம்பை நட்டுக் கும்பிட்ட நெய்தல் வழக்கம் பட்டினப்பாலையிலேயே வருகிறது. எங்கள் தெரு ஆயா ஒருவர் வீட்டுச் சாமி மாடத்தில் அந்த மாதிரி ஒரு கொம்பு இருந்தது. மாமனார் காலத்தில் பிடித்த மீனாம். அருங்காட்சியகத்துக்குத் தருகிறேன் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். நல்லவேளை, சார் தடுத்தார். 2001-லிருந்து வேளா மீன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; நம் இஷ்டத்துக்கு வாங்கி வைத்தால் கேஸ். ஆயாவின் மகனோடு போய் வனத்துறையிடமே ஒப்படைத்தோம். கொடுப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்து, படகு ஆசாரி ஒருவர் தேக்குத் துண்டில் நகல் செதுக்கினார். ஒரு பக்கத்துக்குப் பத்தொன்பது பல், அளவெடுத்தது போல இருந்தது.

ஆயா வந்து பார்த்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"இடப்பக்கம் ஒண்ணு கொறையுது தம்பி."

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோணலாக எடுத்ததில் நுனிப் பல் ஒன்று மறைந்திருந்தது. எப்படி ஆயா தெரியும் என்றேன். வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லுக்கொரு பொட்டு வைத்தவருக்குத் தெரியாதா? வலம் பத்தொன்பது, இடம் இருபது.

ஆசாரி மறுநாளே இருபதாவது பல்லைச் சொருகிக் கொடுத்தார். காட்சிப் பொருளைத் தொடக்கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் பத்து மணிக்குத் திறக்கிறோம், மற்ற நாளில் ஒன்பது. அந்த ஒரு மணி நேரத்துக்குச் சாவி ஆயாவிடம் இருக்கும்.