கல்யாண மண்டபம் சைட்டுல கலர் சைக்காலஜி

போன வருஷம் எங்க ஊர்ப்பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் பண்ணிக் கொடுத்தேன். அதுவரைக்கும் நானும் அந்த சார்ட்டை நம்பினவன்தான், நீலம்னா நம்பிக்கை, சிவப்புன்னா அவசரம், கறுப்புன்னா ரிச் லுக்குன்னு எல்லா டிசைன் வீடியோலயும் காட்டுவாங்களே அது. அதனால முதல் டிசைனை கறுப்பு பேக்ரவுண்ட், கோல்டு எழுத்துன்னு போட்டேன். ஓனரோட அம்மா லேப்டாப்பை எட்டிப் பாத்துட்டு "நல்ல காரியம் நடக்கற இடம்ப்பா, கறுப்பாவா போடுவ?"ன்னு கேட்டுட்டு உள்ள போய் ஒரு பத்திரிகையை எடுத்துட்டு வந்தாங்க. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவினது, தடவின விரல் ரேகைகூட காஞ்சு அப்படியே இருந்துச்சு. மண்டபம் தேடி வர்றவங்க மனசுல கல்யாணத்துக்குன்னு ஒரு கலர் ஏற்கனவே உக்காந்திருக்கு, அதைத்தான் நான் முதல்ல பாத்திருக்கணும்.

சரின்னு மஞ்சளுக்கு மாறினா அதுல வேற சிக்கல். வெள்ளை மேல சுத்த மஞ்சள் எழுத்து போட்டா கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பேக்ரவுண்டுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 1.07க்கு 1 தான் வரும், எழுத்து இருக்கறதே தெரியாது. டபிள்யூசிஏஜின்னு, பார்வைக் குறை உள்ளவங்க உட்பட எல்லாரும் வெப்சைட்டைப் பயன்படுத்த முடியணும்னு போட்ட ஒரு சர்வதேச வழிகாட்டி இருக்கு, அது சாதாரண எழுத்துக்கு குறைஞ்சது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 கேக்குது. இதைக் கண்ணால அளக்கவே முடியாதுங்க, #777777ங்கிற சாம்பல் கலர் வெள்ளை மேல 4.48, ஃபெயில், #767676 போட்டா 4.54, பாஸ், ரெண்டையும் பக்கத்துல வெச்சா வித்தியாசமே தெரியாது. கடைசில மஞ்சளை பேக்ரவுண்டா வெச்சு மேல அரக்கு கலர்ல எழுத்து போட்டேன், பட்டுப்புடவை பார்டர் மாதிரி எடுப்பா நின்னுச்சு.

பெரிய அடி வாங்கினது கேலண்டர்லதான். காலியா இருக்கற முகூர்த்த தேதி பச்சை, புக் ஆனது சிவப்பு, இதுல என்ன தப்பு வரும்னு நினைச்சேன். மண்டப மேனேஜர் வாசல்ல நல்ல வெயில்ல நின்னு போனைக் கிட்ட வெச்சுப் பாக்கறாரு, தள்ளி வெச்சுப் பாக்கறாரு, அப்புறம் "தம்பி, இதுல எது காலி? எல்லாம் ஒரே மண்ணு கலரா இருக்கே"ங்கறாரு. அவருக்கு சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாது, இத்தனை வருஷமா அதை யார்கிட்டயும் சொன்னதும் இல்ல. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல ஏறக்குறைய 12 பேர்ல ஒருத்தருக்கு இந்த மாதிரி இருக்குன்னு படிச்சிருக்கேன், ஃபேஸ்புக் ஆரம்பிச்ச மார்க் சக்கர்பெர்க்குக்கும் இது உண்டு, நீலம்தான் அவருக்கு நல்லாத் தெரியுமாம். கலரை மட்டும் வெச்சு தகவல் சொல்லாதேன்னு அதே டபிள்யூசிஏஜில இருக்கு, நான்தான் படிச்சும் விட்டுட்டேன். அன்னைக்கு ராத்திரியே மாத்தினேன், காலி தேதி வெறும் வெள்ளைக் கட்டம், புக் ஆன தேதி அரக்கு கட்டம், குறுக்க ஒரு கோடு, கீழ சின்னதா "புக் ஆயிடுச்சு"ன்னு எழுத்து. குரோம் பிரவுசருக்குள்ளயே டெவலப்பர்களுக்குன்னு இருக்கற டெவ்டூல்ஸ்ல ரெண்டரிங் டேபுக்குப் போனா அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்னு ஏறக்குறைய பாக்கலாம், இப்போ எந்த சைட்டையும் அதுல ஓட்டிப் பாக்காம அனுப்பறதில்ல.

பட்டன் கலர் பத்தியும் நிறைய பேர் கேக்கறீங்க. 2011ல பெர்ஃபார்மபிள்னு ஒரு கம்பெனி பச்சை பட்டனையும் சிவப்பு பட்டனையும் போட்டிக்கு விட்டாங்க, சிவப்புக்கு 21% கூட கிளிக். உடனே சிவப்புதான் பெஸ்ட்னு ஊரெல்லாம் பேச்சு, ஆனா அந்த பேஜ்ல ஏற்கனவே பச்சை நிறைய இருந்துச்சு, சிவப்பு தனியாத் தெரிஞ்சுதுங்கறதை நிறைய பேர் சேர்த்து சொல்லல. என் மண்டப பேஜ் முழுக்க மஞ்சளும் அரக்கும், அங்க சிவப்பு பட்டன் போட்டா கூட்டத்தோட கலந்துடும். அதனால நல்ல அடர்த்தியான வாழை இலை பச்சை, மேல வெள்ளை எழுத்துல "தேதி கேக்க". மேனேஜருக்கு அது பச்சையாத் தெரியலைன்னாலும் மஞ்சள் நடுவுல இருட்டுக் கட்டமா பளிச்சுனு தெரியுது, கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். ஓனருக்கு அந்தப் பச்சை ரொம்பப் பிடிச்சுப்போய் கேலரி தலைப்புக்கும் போடச் சொன்னாரு, அது மட்டும் முடியாதுண்ணேன்னு சொல்லிட்டேன்.