சுன்னாகத்து வாளி

கிணற்றில் அள்ளிய வாளியைக் கீழே வைக்க முதல், மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார் பெரியம்மா.

"இப்ப ஒண்டும் இல்லைப் பிள்ளை. எண்டாலும் கை தன்பாட்டில போகுது."

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்துப் பழக்கம்.

அந்நேரம் பார்த்து கனடாவின் அல்பேர்ட்டாவிலிருந்து அண்ணாவின் வீடியோ கோல். ஃபிராக்கிங் கிணறுகளுக்கு மணல் ஏற்றும் லொறி ஓடுகிறார். இந்த வீட்டு மேல்மாடி அந்தக் காசுதான்.

ஃபிராக்கிங் எண்டால் இதுதான்: தண்ணீர், மணல், கொஞ்சம் ரசாயனம். அழுத்தத்தோடு ஆழத்துப் பாறைக்குள் செலுத்தினால் பாறை பிளந்து எண்ணெயையும் எரிவாயுவையும் விடும். ஒரு கிணற்றுக்கே பல மில்லியன் லீற்றர் தண்ணீர் போகும். அமெரிக்கா உலகின் முதல் எண்ணெய் உற்பத்தி நாடானது இந்த வித்தையால்தான். எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு, லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் 2016 சனவரியில் அல்பேர்ட்டாவின் ஃபொக்ஸ் கிரீக் பக்கம் நிலமே ஆடியது, வேலையை நிறுத்தினார்கள். குழாயைச் சுற்றிய சீமெந்து பழுதானாலும், கழிவுநீர் மேலே சிந்தினாலும் குடிதண்ணீருக்குத்தான் ஆபத்து.

எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புநீருக்கு மேல் மிதக்கிற மழைநீர்தான் எல்லாம். சிந்தியது எதுவும் வெடிப்புகளால் நேரே இறங்கிவிடும்.

மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டார்கள். எடுக்கட்டும், நாடு இருக்கிற நிலையில் நான் மறிக்கமாட்டேன். ஆனால் தரையில் எவர் எதைத் தோண்ட வந்தாலும், முதலில் ஊர்க் கிணறுகளைச் சோதித்து முடிவை எழுத்தில் தரட்டும். பிறகு சோதித்தால் "அது முந்தியே இருந்தது" என்பார்கள்.