ஓடும்போது ஓடும், அணைத்தால் எழாது

மதுரை சிம்மக்கல்லில் சித்தப்பா நடத்தும் பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகையை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லலாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அது நடக்காது. எடுப்பதற்குள் சுவரில் ஏறியாக வேண்டும். அப்படி ஒரு போஸ்டருக்கு ஆள் வந்து நின்ற மத்தியானம்தான் கடையின் ஃபைல் மெஷின் எழுந்திருக்கவில்லை.

டிசைன் எல்லாம் விண்டோஸில். ஃபைல்கள் மட்டும் மூலையில் ஒரு பழைய டெபியன் லினக்ஸ் மெஷினில், ஒரு டிபி டிஸ்க் இரண்டு போட்டு, ரெய்டு 1: ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் ஏறும். போட்டுக் கொடுத்தது நான். அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் இரண்டு மணிக்கு வந்தது. ஸ்விட்சைப் போட்டால், பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரே வரி.

"ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடும்னு சொன்னியேடா?"

ஓடத்தான் செய்திருக்கிறது. முதல் டிஸ்க் எப்போதோ செத்துவிட்டது. இரண்டாவதை வைத்து மெஷின் சத்தமில்லாமல் ஒப்பேற்றியிருக்கிறது. செத்த சேதியை ரூட் என்னும் அட்மின் கணக்குக்கு மெயிலாகவும் போட்டிருந்தது. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

நான் ரெய்டு போட்டது பார்ட்டிஷன்களுக்கு, அதாவது டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளுக்கு. மெஷினை எழுப்பும் பழைய பயாஸ் முதலில் தேடுவதோ டிஸ்க்கின் முதல் செக்டாரை, வெறும் 512 பைட். அது பார்ட்டிஷனுக்கு வெளியே கிடக்கிறது, ரெய்டின் மிர்ரர் அதைத் தொடாது. அந்த இடத்தில் உட்கார்ந்து லினக்ஸை ஏற்றிவிடும் க்ரப்பை எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று இன்ஸ்டாலர் கேட்டபோது முதலாவதைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன்.

பென் டிரைவில் பூட் செய்து, ரெய்டை மவுண்ட் செய்து, சிஎச்ரூட் போட்டு மெஷினின் சொந்த சிஸ்டத்துக்குள் நுழைந்து, இரண்டாவது டிஸ்க்குக்கு ஒரு க்ரப்-இன்ஸ்டால். போஸ்டர் அச்சுக்குப் போய்விட்டது.

மறுநாள் புது டிஸ்க். சித்தப்பா குங்குமம் வைத்துத்தான் மாட்ட விட்டார். பார்ட்டிஷன் அமைப்பை நகலெடுத்து ரெய்டில் சேர்த்ததும் சிங்க் ஓட ஆரம்பித்தது. முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் இரண்டு யூ (U) நின்றால் சுகம், ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் ஒரு டிஸ்க் படுத்துவிட்டது. இந்த முறை மறக்காமல் புதியதிலும் க்ரப். பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ உள்ள புது மெஷின் என்றால் கதை வேறு: இரண்டு டிஸ்க்கிலும் பூட் ஃபைல்களுக்கான ஈஎஸ்பி பார்ட்டிஷன் வைத்து, உள்ளே இருப்பதைப் பிரதியெடுத்து, இரண்டாவதையும் பூட் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

அப்புறம் சனிக்கிழமை ராத்திரி கடை அடைத்த பிறகு, மெஷினை அணைத்து முதல் டிஸ்க்கின் கேபிளை உருவினேன். எழுந்தது. திரும்ப மாட்டி, ரெய்டில் சேர்த்து, இரண்டு யூ வரும்வரை காத்திருந்து, அடுத்ததை உருவினேன். இந்தக் காத்திருப்பை விட்டால் இரண்டு டிஸ்க்கும் ஆளுக்கொரு கதை சொல்லும்.

"நல்லா ஓடுறத எதுக்குடா புடுங்குற?" என்று சித்தப்பா ஷட்டர் பக்கம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரமே கடைப் பையன் காதணி விழா ஃபோல்டர் ஒன்றை அழித்துவிட்டான். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில், பிசகில்லாமல் அழிந்தது. கல்லாப் பெட்டிக்குள் இப்போது தனியாக ஒரு பேக்கப் டிஸ்க் இருக்கிறது. அதற்கும் குங்குமம் உண்டு.