இஷிதேஜி போகிறவர்களுக்கு

ஜப்பானில் ஷிகோகு தீவின் 88 புத்தக் கோயில் யாத்திரையில் 51ஆவது கோயில் இது. மத்ஸுயாமா நகரில், டோகோ வெந்நீர் ஊற்றிலிருந்து நடக்கிற தூரம்தான். 1318இல் எழுந்த நியோ வாசல் (நியோ என்பவர்கள் காவல் தெய்வங்கள்) ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். பலர் கடைகளைப் பார்த்தபடியே அதைக் கடந்துவிடுகிறார்கள்; நின்று அண்ணாந்து பாருங்கள்.

வாசலில் ஒரு கும்பிடு, பிறகு கைகளையும் வாயையும் கழுவுதல். மணி அடிப்பதானால் வழிபாட்டுக்கு முன்னால் மட்டும். திரும்பும்போது அடித்தால் பெற்ற புண்ணியம் போய்விடும் என்பார்கள். மெழுகுவத்தியை மேல்தட்டில், உள்பக்கமாக வையுங்கள். முன்னால் வைத்தால் அடுத்து வருபவர் கை சுடும். அடுத்தவர் சுடரில் பற்றவைப்பது கூடாது, அவர் வினையும் நம்மிடம் ஒட்டும் என்பது நம்பிக்கை. ஆகவே லைட்டர் அவசியம். ஊதுபத்தி மூன்று, சட்டியின் நடுவிலிருந்து நட்டு வாருங்கள். தம் பெயர் எழுதிய சீட்டைப் பெட்டியில் போட்டு, காணிக்கை செலுத்தி, இருதய சூத்திரம் என்ற சிறு பௌத்த மந்திர நூலை ஓதுவார்கள். 88 கோயிலையும் முடித்தால் ஒரு சுற்று; முதல் நான்கு சுற்று வரை வெள்ளைச் சீட்டு. தங்க நிறச் சீட்டுக்கு 50 சுற்று ஆகவேண்டும்!

மூலவர் மருந்து புத்தர். அவர் சன்னதியில் செய்த அத்தனையும் இந்த யாத்திரையின் மூலவராகப் போற்றப்படும் துறவி கோபோ தாய்ஷியின் சன்னதியிலும் உண்டு. அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

கடைசியில், வந்து வழிபட்டதற்கு அடையாளமாக யாத்திரை ஏட்டில் கோயில் முத்திரை. 2024 ஏப்ரலிலிருந்து 500 யென், சில்லறையாக வைத்திருங்கள். மை காயுமுன் ஏட்டை மூடினால் எதிர்ப்பக்கமும் பாழ். இடையில் உறிஞ்சுதாள் வையுங்கள். முத்திரை அலுவலகம் மாலை 5 மணிக்கு மூடிவிடும். நேரம் நெருங்கினால் முத்திரையை முதலில் வாங்கிவிட்டு நிதானமாகக் கும்பிடுவதே மேல்.