மூன்றாவது கத்தி வளைந்து நிமிர்ந்தது

நேற்று சாயங்காலம் நானே அடித்த மூன்றாவது கத்தியின் வாய் பித்தளைக் கம்பியில் வளைந்து, அப்படியே திரும்ப நிமிர்ந்தது. இதைப் பார்க்கத்தான் ஏழு மாதமும் இரண்டு கத்திகளும் போயின.

கத்தி அடிக்க எடுப்பது லாரியின் வில் பட்டை. நாமக்கல்லில் இருப்பவனுக்கு அதற்கு என்ன பஞ்சம்? பழைய இரும்புக் கடையில் எடைக்குத் தருகிறார்கள். ரொம்ப ஓடிய பட்டையை மட்டும் எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் மயிரிழை வெடிப்பு, தோய்ச்சல் போடும்போதுதான் (பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று முக்கி இறுக்கும்போதுதான்) வாயைத் திறக்கும்.

முதல் கத்தியைத் தண்ணீரில் தோய்த்து, பதம் இறக்காமலே, அதாவது மறுபடி மிதமாகச் சூடாக்கி விறைப்பைக் குறைக்காமலே, சாணை பிடித்துவிட்டேன். காய்ந்த சீமைக்கருவேலங் கட்டையைப் பிளந்தபோது வாயில் அரிசி அளவுக்குச் சில்லு பெயர்ந்தது. அந்தப் பயத்தில் இரண்டாவதை கேஸ் அடுப்பில் நீலம் ஏறும்வரை காட்டினேன். அது மூங்கில் கணுவிலேயே மடங்கிப் போனது. பட்டறை ஆசாரி அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீலம் முதுகுக்கு ஆவும் தம்பி. வாய்க்கு வைக்கோல் நெறத்தோட நிறுத்திப் போடோணும்."

இந்த முறை காந்தம் ஒட்டாத சூட்டுக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி, வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் முக்கினோம். உடனே அரம் போட்டுப் பார்த்தால் கடித்தது. கடித்தால் இரும்பு இறுகவில்லை என்று அர்த்தம். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனால் உலையில் கார்பனை இழந்த மேல்தோல்தான் அப்படிக் கடிக்கும். நாலு இழுப்பு இழுத்ததும் கண்ணாடியில் போவதுபோல் அரம் வழுக்க ஆரம்பித்தது.

பதம் இறக்கியது வீட்டு ஓவனில். அதன் திருகை நம்பவே கூடாது. 200 டிகிரியில் வைத்தால் உள்ளே வைத்த வெப்பமானி 230 காட்டியது. தட்டில் ஆற்று மணல் நிரப்பி, கத்தியை அதில் புதைத்து, வெப்பமானி 200 டிகிரி காட்டும்படி இரண்டு மணி நேரம் வைத்தேன். ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். தேய்த்து வைத்திருந்த இடத்தில் வெளிர் வைக்கோல் நிறம் வந்தது.

பித்தளைச் சோதனைக்கு, பழைய கதவுத் தாழ்ப்பாள் கம்பியை வைஸில் பிடித்துக்கொண்டேன். வாயைச் சாய்த்து அழுத்தி இழுக்கும்போது, விளக்கு வெளிச்சத்தில் கம்பிக்கு மேலே ஒரு சின்னப் புடைப்பு கத்தியோடு ஓடும். கம்பியைத் தாண்டியதும் அது மறைய வேண்டும். சில்லு பெயர்ந்தால் பதம் போதாது; வளைந்தபடி நின்றால் கூடிவிட்டது. அடியிலிருந்து நுனிவரை ஐந்து முறை இழுத்தேன். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

அப்புறம் சித்தப்பா தோட்டத்துக்குப் போனேன். (காப்புக்காட்டில் மரத்தில் கைவைக்கக் கூடாது. கொல்லிமலைக்குப் போனாலும் கத்தி பையில்தான் இருக்கும்.) மணிக்கட்டுத் தடிமனில் இருந்த வேப்பங்கட்டைகள் பன்னிரண்டை, முதுகில் தட்டித் தட்டிப் பிளந்தேன். அதே வாயால் மூங்கிலில் சுருள் சீவினேன். கடைசிச் சுருள் பூ மாதிரி சுருண்டு நின்றது. முதுகை 90 டிகிரிக்குத் தேய்த்திருந்ததால் ஃபெரோ கம்பியில் (சுரண்டினால் தீப்பொறி தரும் கம்பி) மூன்றாவது இழுப்பிலேயே இலவம் பஞ்சு பற்றிக்கொண்டது.

ஒப்பிட, கையில் மோரா கம்பானியன் இருக்கிறது. சுவீடனின் மோரா ஊர்க் கத்தி. சுருள் சீவுவதில் இன்னும் அதுதான் ராஜா. அதன் அலகு மெலிசு, என்னுடையது 5 மில்லிமீட்டர். ஆனால் கட்டை பிளக்க இனி என் கத்திதான். அதன் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுகிறது.

இப்போதைக்குப் பிடியில் நைலான் கயிறுதான் சுற்றியிருக்கிறேன். புளியமரத் துண்டு நிழலில் காய்கிறது, இன்னும் ஈரம் போகவில்லை. அதற்குள் நாலாவது கத்திக்குப் பட்டை வெட்டக் கொடுத்துவிட்டேன். அது 3 மில்லிமீட்டரில், சீவுவதற்கென்றே. உறைக்கு எருமைத் தோல் தேடுகிறேன். ஈரோடு பக்கம் அரை அடி, ஒரு அடி என்று சில்லறையாகத் தருபவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.