எங்கள் பள்ளிக்கு எத்தனை ஹெட்மாஸ்டர்?

1983 குழந்தைகள் தின விழா. கோத்தகிரியில் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பில் என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக இங்கிலீஷ் வரவேற்புரையை என் தலையில் கட்டினார்கள். நானே எழுதி, நானே மனப்பாடம் செய்து, ஸ்வெட்டருக்குள் கை நடுங்க மைக் முன்னால் நின்றேன்.

தலைமையாசிரியர் பேரைச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, "எ ஹெட்மாஸ்டர் ஆஃப் அவர் ஸ்கூல்" என்றேன். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். பக்கத்தில் குனிந்து, "இன்னொரு ஹெட்மாஸ்டர் எங்கே சார்?" என்று கேட்டது மைக்கில் விழுந்துவிட்டது. என்ன ஏது என்று புரியாமலே மொத்தக் கூட்டமும் சிரித்தது. அதில் என் தம்பிகள் சிரித்ததுதான் சத்தமாகக் கேட்டது.

தப்பு முழுக்க என்னுடையது என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். தொழிலைச் சொன்னால் 'எ' போடு, எ டீச்சர், எ டாக்டர் என்று முந்தின வாரம்தான் படித்திருந்தோம். ஹெட்மாஸ்டரும் தொழில்தானே!

மறுநாள் இங்கிலீஷ் சார் திட்டவில்லை. மூடுபனியில் சாக்பீஸ் நமத்துப்போகும் என்று கோட் பாக்கெட்டில் வைத்திருப்பார். அதில் ஒன்றை எடுத்து எழுதினார்: "ஜான் சல்லிவன், த கலெக்டர் ஆஃப் கோயம்புத்தூர், கேம் டு த ஹில்ஸ் இன் 1819." கன்னேரிமுக்கில் சல்லிவன் இருந்த பெத்தகல் பங்களா பக்கம் ஆடு மேய்த்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. அவருக்குக் கீழே இன்னொரு பேர்: "வில்லியம் மெக்ஐவர், எ கார்டனர் ஃப்ரம் கியூ." ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைத்தவர், லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 1848-இல் வந்தவர். எங்களில் ஒருவனும் கேள்விப்பட்டதில்லை.

"கமாவுக்குப் பின்னால் வருவது அதே ஆள்தான், வேறு சட்டை போட்டு வருகிறான். கோயம்புத்தூருக்கு ஒரு நேரத்தில் ஒரு கலெக்டர்தான். அதனால் 'த'. பதவி ஒற்றை என்பதால் அதை விட்டாலும் குற்றமில்லை. கியூவில் தோட்டக்காரர் பல பேர். அதில் ஒருத்தர் என்று அறிமுகப்படுத்துகிறோம், அதனால் 'எ'. அதையும் விட்டுவிட்டால் வாக்கியம் நொண்டும்." பிறகு ஜன்னல் பக்கம் கை காட்டினார். "தொட்டபெட்டா, த ஹையஸ்ட் பீக் இன் த நீலகிரிஸ். 2,637 மீட்டர். 'எ பீக்' என்றாலும் இலக்கணம் சரி, ஆனால் மலைக்குக் கோபம் வரும்." வெளியே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. தமிழில் "கோவை கலெக்டர் ஜான் சல்லிவன்" என்று பதவியை முன்னால் வைத்தால் வேலை முடிந்தது. கமா வேண்டாம், 'எ', 'த' எதுவும் வேண்டாம். ஒரே கலெக்டரா, பலரில் ஒருவரா என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. இங்கிலீஷ்காரன் ஒவ்வொரு பேரிலும் கேட்கிறான்.

கமாவும் லேசுப்பட்டதல்ல. "மை பிரதர்" என்று எழுதி, தம்பி பேரை இரண்டு கமாவுக்குள் அடைத்தால் எனக்கு ஒரே சகோதரன் என்று ஆகிவிடும். இரண்டாவது தம்பியை நான் கமா போட்டே காணாமல் அடித்திருக்கிறேன். அன்று சிரித்ததற்கு அது போதும்.

டொரன்டோ வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இங்கே பத்திரிகைகளில் 'த' இல்லாமலே தொழிலைப் பேருக்கு முன்னால் ஒட்டிவிடுகிறார்கள், அச்சு அசல் நம் தமிழ் மாதிரி. முதலில் பார்த்தபோது சாருக்கு வெட்டி அனுப்பலாமா என்றிருந்தது. அனுப்பவில்லை.

போன வாரம் எங்கள் பள்ளி மலர்க் குழுவிலிருந்து தகவல்: கட்டுரைக்குக் கீழே என்னைப் பற்றி ஒரே வரி, இங்கிலீஷில் வேண்டுமாம். பேர் எழுதி, கமா போட்டு, டீ ஆறும்வரை யோசித்தேன். "ஆன் ஓல்ட் ஸ்டூடன்ட் ஆஃப் த ஸ்கூல்" என்று அனுப்பியிருக்கிறேன். குழு அதை 'த' என்று திருத்தினால், மற்ற பழைய மாணவர்கள் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.